புதுப்பிப்பு: ஆயில் விழுங்கிய பழைய டிராக்டர்

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் ஓடும் எங்கள் 35 எச்பி பழைய டிராக்டர் இன்ஜின் ஆயிலை விழுங்குகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பிஸ்டன் ரிங் (ஆயில் மேலே ஏறி எரியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது, போர் பண்ணுங்கள் (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுங்கள்) என்றுதான் பாதிப் பேர் சொன்னீர்கள். காரணம் ரிங் இல்லை.

ரிங் தேய்ந்திருந்தால் லோடு இழுக்கும்போது நீலப்புகை தொடர்ந்து வரும். இதில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் வந்து அடங்கிவிடும். அப்படியானால் ஆயில் வெளியேதான் போகிறது. இன்ஜின் அடிப்பாகத்தை டீசலில் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவி ஓட விட்டோம். வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு, கிளட்ச் ஹவுசிங் அடியிலிருந்து. பின்பக்க கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் அடைக்கும் வளையம்!

மெக்கானிக் அண்ணன் சீலைத் தொடவில்லை. "இருங்க தம்பி, அது ஏன் கக்குதுன்னு பாப்போம்" என்று இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் பைப்பைக் கழற்றினார். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. சீசன் முடிந்து ஷெட்டில் சும்மா நின்ற வண்டி ஆச்சே. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்றுக்குப் போக வழியில்லை. அந்த அழுத்தம்தான் ஆயிலை சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. புது சீல் போட்டிருந்தாலும் இதே கதிதான், அதை மாற்ற வண்டியை இரண்டாகப் பிரித்த கூலி தண்டம்.

பைப்பைக் குத்திக் கழுவியபின் ஒழுகல் பெரும்பாலும் நின்றுவிட்டது. மிச்சக் கசிவை கிளட்ச் வேலைக்குப் பிரிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். காலைப் புகைக்கு வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்மானம்தான் காரணம் என்கிறார். சரி, அதற்கு இப்போது செலவு செய்வதாக இல்லை.