எய்லரானுக்குத் தமிழ்ச் சொல்: 'சாய்மடல்'

அன்புள்ள நண்பர்களுக்கு,

விமானம் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்த இறக்கையை ஒட்டிக் கீலில் ஆடும் சிறு பரப்புதான் எய்லரான். அதற்கு 'முறுக்குச் சிறகு', 'ஓரமடல்' என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. 'முறுக்குச் சிறகு' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரைட் சகோதரர்களுக்கும் விமானம் கட்டிய மற்றொரு அமெரிக்கரான கிளென் கர்டிஸுக்கும் நடந்த காப்புரிமை வழக்கைத் தமிழில் எழுதுகிறவர் இந்தச் சொல்லைக் கையாண்டால், வழக்கைச் சொல்லும் முன்பே ரைட் பக்கம் தீர்ப்பு எழுதிவிடுவார். முறுக்குவதும் மடக்குவதும் ஒன்றா என்பதுதானே அங்கே கேள்வி!

ரைட் சகோதரர்கள் 1903 மார்ச்சில் விண்ணப்பித்து 1906 மே 22 அன்று பெற்ற அமெரிக்கக் காப்புரிமை (எண் 821,393) எஞ்சினைப் பற்றியதே அல்ல. காற்றில் ஒரு பக்கமாகச் சரியும் பொறியை நிமிர்த்தும் வழியைப் பற்றியது. 1903 விமானத்தில் ஓட்டுபவர் கீழ் இறக்கைமேல் குப்புறப் படுத்திருப்பார். இடுப்பைத் தாங்கும் தொட்டிலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கம்பிகள் இழுபட்டு, இரண்டு பக்க இறக்கை நுனிகளும் எதிரெதிராக முறுகும். கூடவே பின்னால் சுக்கானும் (ரட்டர்) திரும்பும்.

கர்டிஸின் விமானங்களில் இறக்கை விறைப்பானது, முறுகாது. கீலில் ஆடும் சிறு பரப்புகள் தனியாக இருக்கும். ஓட்டுபவர் தோளை அணைத்த சட்டத்தோடு உடம்பைச் சாய்த்தால் ஒரு பக்கத்துப் பரப்பு ஏறும், மறுபக்கத்தது இறங்கும். சுக்கானோடு இதற்கு இணைப்பு இல்லை, ஆகவே இது வேறு கண்டுபிடிப்பு என்று கர்டிஸ் தரப்பு வாதாடியது. கீல் வைத்த இத்தகைய பரப்புக்கு 1868-இலேயே இங்கிலாந்தில் மேத்யூ போல்டன் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

ரைட் தரப்பின் பலம் காப்புரிமையின் வாசகத்தில் இருந்தது. இறக்கை ஓரங்களின் கோணத்தை இருபுறமும் எதிரெதிராக மாற்றும் எந்த அமைப்பும் தங்களுடையதே என்று விரித்து எழுதியிருந்தார்கள். 1909-இல் வழக்கு. 1910 ஜனவரியில் நீதிபதி ஹேசல் விதித்த தடை, ஜூனில் மேல்முறையீட்டில் விலகியது. 1913-இல் ரைட் பக்கம் தீர்ப்பு. 1914 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதைப் பார்க்க வில்பர் இல்லை. 1912 மே மாதம் டைபாய்டில் இறந்துபோனார். நல்ல பொறியாளர் ஒருவரின் கடைசி ஆண்டுகள் வழக்கறிஞர்களோடு கழிந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அடுத்து 'ஓரமடல்'. இன்றைய விமானத்துக்குப் பொருந்தும், பழையதற்குப் பொருந்தாது. கர்டிஸ் 1908-இல் ஓட்டிய ஜூன் பக் விமானத்தில் இந்தப் பரப்புகள் முக்கோண வடிவில் இறக்கை நுனியில் இருந்தன. 1909-இல் அவர் பிரான்சின் ரேம்ஸில் ஓட்டிய விமானத்தில் மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே இருந்தன. இடத்தை வைத்துப் பெயரிட்டால் மாட்டிக்கொள்வோம்.

எனவே செய்யும் வேலையை வைத்து 'சாய்மடல்' என்கிறேன். விமானத்தைச் சாய்த்த, சாய்க்கின்ற, சாய்க்கும் மடல். வினைத்தொகையாக இயல்பாக நிற்கிறது. மடல் என்றால் கடிதமல்லவா என்று கேட்பவர்களுக்கு: காது மடலும் இருக்கிறதே, ஒரு விளிம்பில் ஒட்டி மறு விளிம்பில் விடுபட்டு நிற்பது. ரைட் முறையை 'இறக்கை முறுக்கல்' என்றே வைத்துக்கொள்வோம். 'சாய்வுக் கட்டுப்பாடு' இரண்டுக்கும் பொது. இப்படிப் பிரித்தால் இரு தரப்பு வாதத்தையும் ஒரே பத்தியில் குழப்பமின்றி எழுதலாம். ரட்டருக்குப் புதுச்சொல் வேண்டாம், கப்பலில் புழங்கும் சுக்கான் போதும்.

இன்னொன்று. 1917-இல் போருக்கு விமானம் தேவைப்பட்டபோது அமெரிக்க அரசின் நெருக்குதலால் உற்பத்தியாளர்கள் ஒரு சங்கம் அமைத்து, விமானத்துக்கு 200 டாலர் கட்டினால் உறுப்பினர் எவரும் எல்லாக் காப்புரிமைகளையும் பயன்படுத்தலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஆங்கிலத்தில் 'பேட்டன்ட் பூல்' எனப்படும் இதைக் 'காப்புரிமைக் குளம்' என்பது தமிழே இல்லை. 'கூட்டுக் காப்புரிமை' என்றால் இருவர் சேர்ந்து பெற்ற ஒரே காப்புரிமை என்றாகிவிடும். 'காப்புரிமைக் கூட்டகம்' சரியாக வரும்.

தரையிறங்கும்போது இறக்கும் ஃபிளாப்புக்குத் 'தாழ்மடல்' என்று வைத்தால் சாய்மடலோடு இணையாக நிற்கும். ஆனால் அது தூக்குவிசையைக் கூட்டும் உறுப்பு. 'தாழ்' என்பது விமானத்தையே தாழ்த்துவதாகத் தொனிக்குமோ என்ற தயக்கம் இருக்கிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.