போகிப் புகையும் மெத்தைத் தூசியும்: ஆஸ்துமா குழந்தை இருக்கும் வீட்டில் எதற்கு எது உதவும்?

கேட்டவர்: கொசஸ்தலை

8 வயதுப் பெண் குழந்தை, மூன்று வருடமாக ஆஸ்துமா. வீடு வடசென்னையில் மணலி பக்கம், இரண்டாம் மாடி. படுக்கையறை 10க்கு 12 அடி. காலையும் இரவும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இரண்டிரண்டு பஃப், ஸ்பேசரும் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே மாட்டும் குழாய்) முகமூடியும் வைத்து. திணறினால் நீல இன்ஹேலர். ஐப்பசியில் தொடங்கும் இருமல் தை கடைசி வரை விடுவதில்லை, அதுவும் விடியற்காலை 3, 4 மணிக்குத்தான் அதிகம். தோல் பரிசோதனையில் தூசி உண்ணி (படுக்கைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரி), கரப்பான் இரண்டுக்கும் அலர்ஜி என்று வந்திருக்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பில் ஏ.க்யூ.ஐ. (காற்றுத் தரக் குறியீடு) பெரும்பாலும் 80, 90 என்று 'திருப்திகரம்' வகையிலேயே காட்டுகிறது. அப்படியானால் காற்று காரணம் இல்லையா? ஏர் ப்யூரிஃபையர் வாங்குவதென்றால் எந்த அளவு? போகி அன்று என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில் 1: வடகாற்று

'திருப்திகரம்' என்ற சொல்லை வைத்துக் காற்றுக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். நம் நாட்டு அளவுகோலில் பி.எம். 2.5 என்ற நுண்துகள் கன மீட்டருக்கு 31 முதல் 60 மைக்ரோகிராம் வரை இருந்தால் அதைத்தான் 51–100 என்ற எண்ணாக மாற்றிக் காட்டுகிறார்கள். 80, 90 என்பது பி.எம். 2.5-ஆல் வந்த எண்ணாக இருந்தால், காற்றில் ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் இருக்கிறது என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த 24 மணி நேர வரம்பு 15. நம் தேசியத் தரம் 60. அதனால்தான் அங்கே மூன்று மடங்குக்கு மேல் இருப்பது இங்கே திருப்திகரமாகிவிடுகிறது.

இன்னொன்று, அந்த எண் 24 மணி நேர சராசரி. மார்கழி, தையில் நள்ளிரவுக்குப் பின் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போல உட்கார்ந்துகொள்ளும். லாரிப் புகை, குப்பை எரித்த புகை எல்லாம் வெயில் ஏறும் வரை கலையாது. மதியம் கடற்காற்று வந்து சுத்தப்படுத்திய மணிகளும் அதே சராசரியில் சேர்வதால் விடியற்காலையின் உச்சம் கண்ணில் படாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் நிலையம் வாரியாக, மாசு வாரியாக மணிக்கணக்கு எடுக்கலாம். மணலி நிலையத்தைத் தேர்ந்தெடுத்து பி.எம். 2.5, சல்ஃபர் டை ஆக்சைடு இரண்டையும் ஒரு வாரம் பாருங்கள்.

சல்ஃபர் டை ஆக்சைடைச் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. நிலக்கரி அனல்மின் நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலையும் இருக்கும் பகுதி அது. ஆஸ்துமா உள்ளவர் ஓடியாடி மூச்சு வாங்கும்போது இந்த வாயு பட்டால் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய் சுருங்கும். இதற்கு மட்டும் உலக சுகாதார நிறுவனம் 10 நிமிட வரம்பு (500 மைக்ரோகிராம்) வைத்திருப்பது அதனால்தான். ஒரு மணி நேரம் வந்துபோன வாயு 24 மணி நேர சராசரியில் கரைந்துவிடும், குழந்தையின் இருமலில் கரையாது.

காற்று மாசு வெறும் எரிச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். லண்டன் லூயிஷம் பகுதியில் நெரிசலான சாலையோரம் வசித்த 'எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா' என்ற 9 வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசு அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று தீர்ப்பில் பதிவு செய்தார்.

பதில் 2: பாயும்தலையணையும்

மேலே சொன்னது சரி. ஆனால் 3, 4 மணி இருமலுக்குப் பழியை முழுக்கத் தெருவின் மேல் போட வேண்டாம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் இயல்பாகவே அதிகம் சுருங்கியிருக்கும் நேரம் அது. அலர்ஜிப் பொருள் உள்ளே போனால் முதல் சுருக்கம் 10–20 நிமிடத்தில் வரும்; இரண்டாவது அலை 4 முதல் 8 மணி நேரம் கழித்து வரும். இரவு 9 மணிக்குத் தலையணையில் முகம் புதைத்த குழந்தைக்கு அந்த இரண்டாவது அலை எப்போது வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிரச்சினை தூசி உண்ணியின் உடம்பைவிட அதன் எச்சத்தில்தான் அதிகம். அதிலுள்ள செரிமானப் புரதம் மூச்சுக்குழாயின் உள்தோல் செல்கள் ஒட்டியிருக்கும் இணைப்புகளை அரித்து வழி பண்ணுகிறது. டீசல் புகையும் அதே தோலைப் புண்ணாக்கி, அலர்ஜி எதிர்வினையைத் தூண்டியும் விடுகிறது. ஆகவே புகையா தூசியா என்ற கேள்வியே தப்பு. புகை பட்ட நுரையீரல் அதே அளவு தூசிக்குக் கூடுதலாகச் சீறும். ஐப்பசி மழையில் ஈரப்பதம் ஏறி உண்ணி பெருகுகிறது, அந்த எச்சம் படுக்கையில் சேர்ந்திருக்கும்போதே மார்கழிப் புகையும் வருகிறது. நீங்கள் சொல்லும் மாதக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

செய்ய வேண்டியதைப் படுக்கையில் தொடங்குங்கள். மெத்தை, தலையணை இரண்டுக்கும் ஜிப் வைத்த, ஆறு பக்கமும் மூடும் உறை போடுங்கள். துணியின் துளை 10 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே இருக்க வேண்டும். மேலே மட்டும் விரிக்கும் 'ப்ரொடெக்டர்' உதவாது, பக்கவாட்டில் எல்லாம் வெளியே வரும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையைத் துவைக்க முடியாது. தூக்கிப் போட்டுவிடுவதே மேல். உறைக்குப் பணமில்லை என்றால் மெத்தையையே எடுத்துவிட்டுக் கோரைப்பாயும் துவைக்கக்கூடிய பருத்தி ஜமுக்காளமும் போதும். இந்த விஷயத்தில் பாய் மெத்தையைவிட உயர்ந்தது.

விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாம் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டு நீரில். மெஷினில் ஹீட்டர் இல்லையென்றால், கொதித்த நீரும் குழாய்த் தண்ணீரும் சம அளவு கலந்தால் 65 டிகிரி வரும். துணியும் வாளியும் உறிஞ்சியது போக 60-ஐ ஒட்டி நிற்கும். அரை மணி நேரம் மூடி ஊற வைத்துவிட்டு வழக்கம்போலத் துவையுங்கள். அந்த நேரம் குழந்தை பக்கத்தில் வரக் கூடாது. பஞ்சு பொம்மையை பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு அலசிக் காயப் போடுங்கள். ஃப்ரீசரும் வெயிலும் உண்ணியைக் கொல்லும், எச்சத்தின் புரதத்தைப் போக்காது. அலசாமல் விட்டால் பாதி வேலைதான்.

ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் உண்ணி வறண்டு சாகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஐப்பசிச் சென்னையில் அது நடக்காத காரியம். அதற்குச் செலவழிக்கும் பணத்தை உறையில் போடுங்கள்.

கரப்பானுக்கு ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், அந்த வாடையே திணறலைக் கிளப்பும். ஜெல் மருந்தை உளுந்து அளவுப் புள்ளியாக வையுங்கள்: ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், சிங்க்குக்கு அடியில், அலமாரிக் கீல்களில், காஸ் அடுப்பின் பின்னால். ஒரே இடத்தில் பெரிதாக வைப்பதைவிடப் பல இடத்தில் சின்னதாக வைப்பதுதான் வேலை செய்யும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரேயோ ஃபினாயிலோ பட்டால் கரப்பான் கிட்டவே வராது. இதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முட்டைக் கூடுகள் பிறகு பொரியும், அதனால் நான்கு வாரம் கழித்து மறுபடியும் வைக்க வேண்டும். செத்த பின்பும் எச்சமும் உரிந்த தோலும் மாதக் கணக்கில் அலர்ஜி கொடுக்கும். அலமாரி உட்பக்கங்களை சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுங்கள்.

பெருக்கும்போதும் மெத்தை உறை மாற்றும்போதும் குழந்தை அரை மணி நேரம் வேறு அறையில் இருக்கட்டும். முதலில் ஈரத்துணி, பிறகு துடைப்பம்.

பதில் 3: கனமீட்டர்

ப்யூரிஃபையர் கணக்கு. 10 × 12 அடி, உயரம் 10 அடி என்று வைத்தால் 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுற்றி வர, மெஷின் மணிக்கு 170 கன மீட்டர் சுத்தமான காற்று தர வேண்டும். ஆனால் பெட்டியில் இதற்கென அச்சடித்திருக்கும் எண் உச்ச வேகத்துக்கானது. அந்த இரைச்சலில் யாரும் தூங்க மாட்டார்கள், குறைந்த வேகத்தில் வைப்பீர்கள், பாதிகூடக் கிடைக்காது. எனவே மணிக்கு 300 கன மீட்டர் அல்லது அதற்கு மேல் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்க வேண்டும். அயனைஸர் (காற்றுக்கு மின்னூட்டம் ஏற்றும் வசதி) இருந்தால் அணைத்தே வையுங்கள். ஓசோன் வரலாம், அது ஆஸ்துமாவுக்கு ஆகாது. மூலையில் ஒட்டி வைக்காமல் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, தலைமாட்டுப் பக்கம்.

அது செய்யாதவை: சல்ஃபர் டை ஆக்சைடை ஹெப்பா பிடிக்காது, மெல்லிய கார்பன் அடுக்கு சீக்கிரம் நிரம்பிவிடும். தூசி உண்ணியின் எச்சம் 10 முதல் 40 மைக்ரான் அளவு, கனமானது, கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கீழே விழுந்துவிடும், மெஷின் வரை வராது. மெத்தைக்கு உறை போடாமல் ப்யூரிஃபையர் வாங்குவது பணத்தைத் தவறான இடத்தில் போடுவது. புகைக்கு மட்டும் அது நல்ல கருவி.

போகி: முந்தின இரவு 10 மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுங்கள், கதவடி இடைவெளியில் ஈரத்துணியைச் சுருட்டி வையுங்கள். அதிகாலை 3 மணி முதல் ப்யூரிஃபையர் உச்ச வேகத்தில். 2018 போகிப் புகையில் சென்னை விமானங்களே திசை மாறிப் போயின. ஜன்னல் இடுக்கு அதற்கு எம்மாத்திரம். காலை 10 மணிக்கு மேல், வெளியே தெரு முனை தெளிவாகத் தெரிந்த பிறகு திறவுங்கள். மற்ற நாட்களில் அறைக்குக் காற்று விட மதியம் 1 முதல் 4 மணி நல்லது.

வெளியே போயே ஆக வேண்டுமென்றால் குழந்தை அளவில் என்95 தர மாஸ்க். பெரியவர் மாஸ்க்கை நாடா இறுக்கிப் போட்டால் கன்னத்தோரம் காற்று நேரே உள்ளே போகும். மூச்சு விடும்போது மூக்கோரமோ கன்னத்திலோ காற்று கசிந்தால் அது பொருந்தவில்லை. திணறல் தொடங்கினால் உடனே கழற்றுங்கள்.

பதில் 4: ஐம்பதுநாள்

இத்தனைக்கும் முன்னால் இன்ஹேலர் உள்ளே போகிறதா என்று பாருங்கள். 8 வயதில் முகமூடி தேவையில்லை. ஸ்பேசரின் வாய்க்குழலை உதட்டால் இறுக்கிப் பிடிக்கட்டும். முகமூடியில் மருந்தில் ஒரு பங்கு மூக்கிலேயே தங்கிவிடும். அடுத்த முறை மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். குலுக்கி, ஒரு பஃப் அழுத்தி, நிதானமாக ஐந்து மூச்சு. அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டு பஃப்பையும் சேர்த்து அழுத்தினால் துளிகள் ஸ்பேசர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

ஸ்பேசரைத் துணியால் துடைக்காதீர்கள், நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்பு நுரைத் தண்ணீரில் முக்கியெடுத்துத் தானாகக் காய விடுங்கள்.

200 பஃப் டப்பா, நாளைக்கு நான்கு என்றால் 50 நாள். தொடங்கிய தேதியை டப்பாவிலேயே எழுதுங்கள். மருந்து தீர்ந்த பிறகும் வாயு புஸ்ஸென்று வந்துகொண்டேதான் இருக்கும். வெறும் வாயுவை வாரக் கணக்கில் கொடுக்கும் வீடுகள் உண்டு. கோடையில் நன்றாக இருக்கிறாள் என்று நாமாக நிறுத்திவிட்டு ஐப்பசியில் தொடங்குவதும் தவறு, ஸ்டீராய்டு முழுப் பலன் தர வாரங்கள் ஆகும்.

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கிடையே தோல் உள்வாங்குகிறது, உதடு நீலம் பூக்கிறது என்றால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை நீல இன்ஹேலர் 4 பஃப், ஒவ்வொன்றாக, ஸ்பேசரில். 20 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி 4. ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை வரை. இதை மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டி, பள்ளிக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

கொசஸ்தலை

எல்லோருக்கும் மிக்க நன்றி. உறையும் ஜெல்லும் இந்த வாரமே வாங்குகிறேன். ஒரு சந்தேகம்: கொசுத் தொல்லை அதிகம், இரவு சுருள் ஏற்றுகிறோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் உண்டு. ஏ.சி. போட்டு மூடிக்கொண்டால் போதுமா?

பதில் 5: பாயும்தலையணையும்

சுருளை இன்றிரவே நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மூடிய அறையில் அதை ஏற்றிவிட்டு வெளிக்காற்றைக் கண்காணிப்பதில் அர்த்தமே இல்லை. சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும். குழந்தை வெளியே இருக்கும்போது, ஜன்னல் திறந்து, படுக்கையறைக்கு வெளியே.

ஸ்ப்ளிட் ஏ.சி. அறையில் இருக்கும் காற்றையே சுற்றிவிடும், அதன் வலை நுண்துகளைப் பிடிக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வலையைக் கழுவுங்கள். போட்டவுடன் ஈரத்துணி வாடை வந்தால் உள்ளே பூஞ்சை இருக்கிறது, சர்வீஸ் செய்யும் வரை போடாதீர்கள்.

கொசுவுக்கு ஜன்னலில் வலை அடித்துவிட்டுக் கட்டிலில் கொசுவலை கட்டுங்கள். அந்த வலையிலும் தூசி சேரும். மாதம் இருமுறை விரிப்போடு சேர்த்து அலசுங்கள், ஆனால் மருந்து பூசிய வலையாக இருந்தால் சூட்டு நீர் கூடாது.