சிக்னல் தாமதச் சமன்பாடு: வரிசையா, ஒழுகையா, தேக்கமா?

தொடக்க மடல் (சென்னை)

அன்பர்களுக்கு வணக்கம்.

தமிழ்வழி சிவில் மாணவர்களுக்குப் போக்குவரத்துப் பொறியியல் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சிக்னல் அத்தியாயத்தில் சொற்கள் நிற்க மறுக்கின்றன.

பாடம், பிரிட்டன் சாலை ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958-இல் தந்த தாமதச் சூத்திரம். சிக்னலில் ஒரு வண்டிக்குச் சராசரியாக எத்தனை நொடி தாமதம் என்று அது சொல்லும். அதில் பெரிய உறுப்புகள் இரண்டு. வண்டிகள் ஒரே இடைவெளியில் வந்தால்கூட, சிவப்பில் வந்து சேர்பவை நின்றுதான் ஆகவேண்டும். அந்தத் தாமதம் முதல் உறுப்பு. நடப்பில் வண்டிகள் அப்படி வருவதில்லை. ஒரு சுற்றில் (சிவப்பும் பச்சையும் ஒருமுறை வந்துபோகும் நேரம்) மளமளவென்று வரும், அடுத்த சுற்றில் நாலைந்துதான் வரும். மிகுந்து வந்த சுற்றில் சில வண்டிகள் பச்சைக்குள் கடக்க முடியாமல் அடுத்த பச்சைக்கு நிற்கும். அதனால் கூடுகிற தாமதம் இரண்டாவது உறுப்பு. மூன்றாவது ஒரு சிறு திருத்தக் கழிவு, அதற்குப் பெயர்ச் சிக்கல் இல்லை.

எனக்குத் தமிழ்ச் சொல் வேண்டியவை: கியூ (நிற்கும் வண்டிகள்), டிலே (தாமதம்), யூனிஃபார்ம் டிலே (முதல் உறுப்பு), ராண்டம் டிலே (இரண்டாவது உறுப்பு), சாச்சுரேஷன் ஃப்ளோ. கடைசியாகச் சொன்னது, நிற்கும் வண்டி தீராமல் இருந்தால் பச்சையில் மணிக்கு எத்தனை கடக்கும் என்ற அளவு.

கியூவுக்கு 'வரிசை' என்று எழுதிவிட்டேன். ஆனால் கணிதத்தில் அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடத்தில் அணியின் வரிசை என்று படித்துவிட்டு வருகிறார்கள். வரிசை மாற்றம் வேறு இருக்கிறது. 'நிரை' என்றாலோ அணியின் கிடைக்கோடு நினைவுக்கு வரும்.

மறுமொழி (மதுரை)

தம்பிக்கு,

நிரையை விடுங்கள். அது ஆநிரைக்கும் நிரையசைக்கும் அணிகளுக்கும் உழைத்துக் களைத்த சொல். வண்டிகளின் வரிசைக்கென்றே நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: ஒழுகை.

புறநானூறு 116-ஐ எடுங்கள். பாரி மகளிர் ஈத்திலைக் குப்பை ஏறி 'உமணர் உப்பொய் ஒழுகை எண்ணுப' என்கிறார் கபிலர். உப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, இரண்டு பெண்கள் மேட்டில் நின்று எண்ணுகிறார்கள். சந்திப்பில் நின்று வண்டி எண்ணப் போகும் மாணவருக்கு இதைவிட நல்ல முன்னோடி உண்டா? ஒழுகு என்ற வேரிலிருந்துதான் ஒழுக்கமும். முன்னும் பின்னும் இடைவெளி விட்டுச் செல்வதும் ஒரு ஒழுக்கம்தானே. ஒழுங்கையும் இதே குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். நீரின் ஒழுக்கு, எறும்பின் ஒழுக்கு, வண்டியின் ஒழுகை, எல்லாம் ஒரு கொடியில் பூத்தவை.

தாமதம் வடசொல். 'தாழ்ச்சியுள் தங்குதல் தீது' என்று குறள் 671 சொல்கிறது. தாழ்ச்சி என்றால் காலம் நீட்டித்தல். சீர்த்தாழ்ச்சி, சீரில்தாழ்ச்சி என்று இரண்டு உறுப்புக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது.

மறுமொழி (கோவை)

ஐயா, பாட்டு மிக அழகு. ஆனால் ஒழுகை ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள். எங்களுக்கு வேண்டியது நிற்கும் வண்டிகள். அப்புறம், இன்றைக்கு 'ஒழுகுது' என்றால் மாணவனுக்குக் கூரையும் குழாயும்தான் நினைவுக்கு வரும். தாழ்ச்சி என்றால் இழிவு என்று படிப்பான். விரைவில் புரியாத சொல் தேர்வுக்கூடத்தில் அவனைத்தான் தண்டிக்கும்.

சிக்னல் நேரம் அமைக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். நம் சந்திப்புகளில் வரிசையே கிடையாது. சிவப்பு விழுந்த கொஞ்ச நேரத்தில் பைக்குகள் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழைந்து நிறுத்தக் கோட்டைத் தாண்டி முன்னால் வந்து பரவி நிற்கும். பேருந்தின் இடப்பக்கம் ஒரு ஆட்டோ மூக்கை நுழைத்திருக்கும். அதனால்தான் இங்கே தடத்தை எண்ணாமல் சாலை அகலத்தை அளக்கிறோம். அகலத்தில் மீட்டருக்கு மணிக்கு 525 கார் அலகு (எல்லா வண்டியையும் காருக்குச் சமமாக மாற்றி எண்ணும் அலகு) என்ற வெப்ஸ்டரின் கணக்கையே, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸும் எடுத்துக்கொண்டது. இன்னும் சொல்லப்போனால், சூத்திரத்துக்குள்ளும் வரிசை இல்லை. அதில் வண்டிக்கு நீளம் கிடையாது. எல்லாம் நிறுத்தக் கோட்டிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல்தான் கணக்கு. ஆகவே 'தேக்கம்' என்பேன். எத்தனை தேங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கைதான் அங்கே முக்கியம்.

தாமதத்துக்குப் பதில் 'காத்திருப்பு' என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பச்சை விழும் நேரத்தில் வந்து, நிற்காமல், வேகத்தை மட்டும் குறைத்துப் போகிற வண்டிக்கும் தாமதம் உண்டு, காத்திருப்பு இல்லை.

மறுமொழி (யாழ்ப்பாணம்)

ஐயாமாருக்கு வணக்கம். தேக்கம் என்றால் எங்களுக்கு வாகன நெரிசல் என்றே படும். கொள்ளளவுக்குள் ஓடுகிற சந்தியிலும் ஒவ்வொரு சிவப்புக்கும் வரிசை உண்டாகிக் கரைகிறது. அது நெரிசல் அல்லவே.

நான் எழுதுவது ராண்டம் பற்றி. தமிழ்நாட்டுப் பாடநூலில் ராண்டம் வேரியபிளைச் சமவாய்ப்பு மாறி என்கிறீர்கள். இங்கே அந்தச் சொல் இடறும். எல்லாருக்கும் சம வாய்ப்பு என்றால் எல்லாம் ஒரே சீராக வரும் என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள், அது நேர் எதிரான கருத்து. நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே 'எழுமாறு' என்று படிக்கிறோம். எழுமாற்று வருகை, எழுமாற்றுத் தாமதம் என்று எழுதிப் பாருங்கள்.

சாச்சுரேஷனுக்கு நீங்கள் கரைசலில் சொல்லும் 'தெவிட்டிய' இங்கே பொருந்தாது. எங்களிடம் நிரம்பிய கரைசல். நிரம்பற் பாய்ச்சல் என்று வைக்கலாம். டிலேக்குச் சுணக்கம் என்று சொல்ல ஆசைதான், 'பஸ் சுணங்கிப்போச்சு' என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. ஆனால் உங்கள் பத்திரிகைகளில் பணியில் சுணக்கம் என்றால் மந்தம் என்றல்லவா வருகிறது. அதை வற்புறுத்தவில்லை.

மறுமொழி (சென்னை)

எல்லாருக்கும் நன்றி. நேரம் இல்லாததால் முடிவு எடுத்திருக்கிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முக்கியம் அந்த இரண்டு தாமதங்களும் பெயரிலேயே பிரிந்து தெரிவது. வகுப்பில் நான் போடும் கணக்கு இது: சுற்று 120 நொடி, பச்சை 48 நொடி, பச்சையில் 2 நொடிக்கு ஒரு வண்டி கடக்கும். ஆக மணிக்கு 720 கடக்கலாம். 540 வந்தால் முதல் உறுப்பு வண்டிக்கு ஏறத்தாழ 31 நொடி, இரண்டாவது 7.5 நொடி. வருகை 684 ஆனால் முதலாவது 35 நொடியோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது 47.5-க்குத் தாவுகிறது! 720-ஐ நெருங்க நெருங்க அது எல்லையில்லாமல் ஏறும். காலை நேரத்தில் இன்னும் கொஞ்சம் வண்டி கூடினால் சந்திப்பு ஏன் நிலைகுலைகிறது என்பது இந்த உறுப்பில்தான் இருக்கிறது. இதற்கு 'எழுமாற்றுத் தாமதம்' என்றே வைக்கிறேன். சமவாய்ப்பு மாறியோடு உள்ள உறவைப் பாடத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். முதலாவது 'சீர்த் தாமதம்'.

கியூ வரிசைதான். சூத்திரத்தில் அதற்கு நீளம் இல்லை என்ற கோவை நண்பரின் விளக்கத்தைத் தனிப் பத்தியாகச் சேர்க்கிறேன். அந்தப் பத்தி இல்லாமல் இந்தச் சூத்திரத்தைக் கற்பிக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். சாச்சுரேஷன் ஃப்ளோ மட்டும் நிற்கவில்லை. 'உச்சப் பாய்வு' என்றால் உச்ச நேரத்தோடு குழம்பும். இப்போதைக்கு 'நிறைவுப் பாய்வு'.

மறுமொழி (மதுரை)

தாமதத்தை விட்டுக்கொடுக்கிறேன், ஒழுகையை விடமாட்டேன். பச்சை விழுந்ததும் நின்ற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து கடக்கின்றனவே, அதற்குப் பெயர் வைத்தீர்களா? அது ஓடும் வரிசை. கோவைத் தம்பியின் மறுப்பு அங்கே செல்லாது. அதற்காவது ஒழுகை என்று போடுங்கள்.

மறுமொழி (கோவை)

ஐயா, அதற்கு 'வெளியேற்றம்' என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம், புரியவும் செய்கிறது. நிறைவுப் பாய்வும் எனக்கு ஒப்பவில்லை, நிரம்பல் பரவாயில்லை. அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது: பச்சை விழுந்தும் முதல் வண்டி கிளம்பும்வரை வீணாகும் நொடிகளுக்கு உங்கள் பாடக்குறிப்பின் அட்டவணையில் ஓரிடத்தில் 'இழப்பு நேரம்' என்றும் இன்னோரிடத்தில் 'வீண்நேரம்' என்றும் இருக்கிறது. அச்சுக்குப் போகும்முன் ஏதாவது ஒன்றாக மாற்றிவிடுங்கள்.