15 ஆம்பியர் ஃப்யூஸ் இடத்தில் 30 போட்டு ஓட்டலாமா?

மன்னார்குடி800:
அப்பா வைத்திருந்த 98 மாடல் மாருதி 800. சம்பா அறுப்பு சமயத்தில் ஒரு மாதம் களத்தோரக் கொட்டகையில் சும்மா நின்றது. இப்போது பார்க்கிங் லைட்டைப் போட்டாலே ஃப்யூஸ் போகிறது, மீட்டர் விளக்கும் சேர்ந்து அணைந்துவிடுகிறது. ஊரில் ஒருவரிடம் காட்டினேன். நீலக் கலர் 15ஐப் பிடுங்கிவிட்டுப் பச்சை 30ஐச் சொருகி "இனிமே போகாது" என்றார். போகவில்லைதான், ஆனால் நேற்று ராத்திரி நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது ரப்பர் கருகுகிற வாடை. அடுத்த வாரம் வேளாங்கண்ணி போகணும், இப்படியே ஓட்டலாமா?

குடந்தை ஒயரிங்:
தம்பி, முதலில் அந்தப் பச்சையைப் பிடுங்குங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். ஒயர் எவ்வளவு தாங்குமோ அதற்குத் தகுந்துதான் ஃப்யூஸ். 30 போட்டால் ஃப்யூஸ் பிழைத்துக்கொள்ளும், ஒயர் எரியும், அதுவும் டேஷ்போர்டுக்குள்ளே. ஷார்ட் எங்கே என்று பார்க்க ஃப்யூஸ்களாக வாங்கிக் கொளுத்த வேண்டாம். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து ஃப்யூஸ் இடத்தில் சொருகுங்கள். பார்க்கிங் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது, அதன் வழியாக இரண்டு ஆம்பியர்கூடப் போகாது, பயமில்லை. அப்படியே ஒயர்கட்டை முன்னாலிருந்து பின்னால் வரை ஆட்டிக்கொண்டே வாருங்கள், எங்கே ஆட்டும்போது மங்குகிறதோ அங்கேதான் கோளாறு.

கீழத்தெரு:
எலிதான். அறுப்பு முடிந்தால் வயல் எலியெல்லாம் எங்கே போகும்?

நாகை உப்புக்காற்று:
எலி இருக்கட்டும், ஹெட்லைட் பல்பு மாற்றினீர்களா? 55 வாட் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர், 90 வாட் போட்டால் 15. ரிலே (சுவிட்சுக்குப் பதிலாகப் பெரிய கரண்டைத் தாங்கும் தனிப் பெட்டி) வைக்காமல் பழைய சுவிட்ச் வழியாகவே அதை ஓட்டினால் அங்கேயும் வாடை வரும். எங்கள் பக்கம் ஃப்யூஸ் போவதைவிட எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) துருப்பிடிப்பதுதான் தலைவலி. பாடியில் முடுக்கிய எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்குங்கள். கை வைப்பதற்கு முன்னால் பேட்டரி மைனஸைக் கழற்ற மறக்காதீர்கள்.

மன்னார்குடி800:
அண்ணே, கிடைத்துவிட்டது. எலிமேல் பழி போட்டது பாவம். டிக்கிக் கதவு கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் நம்பர் பிளேட் லைட் ஒயர், திறந்து மூடித் திறந்து மூடி, தோல் உரிந்து தகரத்தில் படுகிறது. கதவைத் தூக்கினால் பல்பு மங்குகிறது, இறக்கினால் பளிச்.

குடந்தை ஒயரிங்:
சந்தோஷம். ஆனால் 30 போட்டு ஓட்டினீர்களே, சுவிட்சிலிருந்து பின்னால் வரை அந்த ஒயரைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாகவோ விறைப்பாகவோ இருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் அதே கனத்தில் புது ஒயர் இழுங்கள்.

மன்னார்குடி800:
பார்த்தேன். சுவிட்சுக்குக் கீழே ஒரு முழ நீளம் பக்கத்து ஒயரோடு ஒட்டிப்போயிருக்கிறது. வேளாங்கண்ணிக்கு பஸ்தான்.