டேபிள் லாக்: பூட்டா, பிடியா?

வணக்கம் அண்ணே. உங்க டேட்டாபேஸ் பாடத்துல, ஒருத்தர் மாத்தற தகவலை இன்னொருத்தர் மாத்தாம தடுக்கற லாக்குக்குப் பூட்டு, ரெண்டு வேலை ஒண்ணுக்காக ஒண்ணு நின்னு போற டெட்லாக்குக்கு முட்டுக்கட்டைன்னு தமிழ்ல எழுதியிருந்தீங்க. படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனில, ஸ்டாக், கணக்கு எல்லாம் ஓடற எஸ்ஏபி சாஃப்ட்வேருக்கு சப்போர்ட் பாக்கறவன், மாசக் கடைசியில நாங்க படற பாட்டுக்கு ரெண்டுமே ஒட்டல.

போன மாசம் ஸ்டோர்ல இருந்து போன், வெட் புளூ (குரோம்ல பதப்படுத்தின ஈரத்தோல்) லாரி கேட்ல நிக்குது, சரக்கு வரவு போட்டா மெட்டீரியலை யாரோ லாக் பண்ணியிருக்காங்கன்னு வருது, இன்னா சார் பண்றதுன்னு. எந்த லாக் யார்கிட்டன்னு காட்டற எஸ்எம்12 ஸ்க்ரீன்ல பாத்தா, மெட்டீரியலோட மதிப்பு இருக்கற எம்பிஈடபிள்யூ டேபிள்ல ஒரு என்ட்ரி, ஈ மோடு (ஒருத்தருக்கு மட்டும்), ஏறின நேரம் மதியம் 1:40. யாருன்னா நம்ம காஸ்டிங் தம்பி, மெட்டீரியல் விவரம் மாத்தற எம்எம்02 ஸ்க்ரீனைத் திறந்து போட்டுட்டு பிரியாணிக்குப் போனவன், திரும்பி வந்து வேற விண்டோல வேலை பாத்துக்கிட்டிருக்கான். மூடுப்பான்னேன், மூடினான், லாரி உள்ள வந்துச்சு.

இதுல யாரும் "யார் பூட்டினது"ன்னு கேக்கல, "எவன்யா பிடிச்சு வச்சிருக்கான்"னுதான் கேட்டாங்க. பூட்டுன்னா சாவி வேணும், திண்டுக்கல்காரங்க கோச்சுக்காதீங்க. அதனால லாக்குன்னா பிடி. ஈ மோடு தனிப்பிடி, பல பேர் சேர்ந்து படிக்கற எஸ் மோடு பொதுப்பிடி, அப்பால ரோ லாக் நிரைப்பிடி, டேபிள் லாக் அட்டவணைப்பிடின்னு தானா ஒட்டிக்கிட்டுப் போகுது.

ஒண்ணு குழப்பிக்கக் கூடாது, எஸ்எம்12ல தெரியறது எஸ்ஏபியோட என்க்யூ சர்வர் (பிடிக் கணக்கு வச்சிருக்கற சர்வர்) மெமரில இருக்கற பிடி, டேட்டாபேஸுக்கு அது தெரியவே தெரியாது, டேட்டாபேஸோட பிடியை டிபி01ங்கற வேற ஸ்க்ரீன்லதான் பாக்கணும். அவசரத்துல எஸ்எம்13 ஸ்க்ரீன்ல, இன்னும் டேட்டாபேஸ்ல ஏறாத அப்டேட் ஏதாவது தொங்குதான்னு பாக்காம என்ட்ரியை டெலிட் அடிச்சா ஸ்டாக் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம், அப்புறம் ஆடிட்டர் நம்மளைப் பிடிப்பாரு.

முட்டுக்கட்டை ஒருத்தர் இன்னொருத்தருக்குப் போடறது. டெட்லாக் அப்படியா? ஒரு ஜாப் (பின்னாடி தானா ஓடற புரோகிராம்) முதல் மெட்டீரியலைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டாவதுக்கு நிக்குது, இன்னொரு ஜாப் ரெண்டாவதைப் பிடிச்சுக்கிட்டு முதலுக்கு நிக்குது. எங்க குடியாத்தம் ஆபரேட்டர் அக்கா பாத்துட்டு "ரெண்டும் மல்லுக்கட்டி நிக்குது சார்"ன்னாங்க. இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கல. மல்லுக்கட்டுல ஒருத்தன் தோக்கணும், இங்கயும் அதான்: எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ்ல 1205ங்கற எரர் யாருக்கு வருதோ அவன் தோத்தவன், மொத்த டிரான்சாக்‌ஷனும் ரோல்பேக், அதாவது செஞ்சது எல்லாம் ரத்து. ஆரக்கிள் டேட்டாபேஸ்ல அந்த எரர் ஓஆர்ஏ-00060, அதுல அந்த ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும் ரத்தாகும், மிச்சத்தை நாமதான் பாத்துக்கணும். டேட்டாபேஸே நடுவர். சும்மா பிடிக்காக நிக்கறதுக்கு நடுவர் கிடையாது, பிடிச்சவன் விடணும் இல்ல டைம் அவுட் ஆகணும், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோட இன்னோடிபி என்ஜின்ல அது வழக்கமா 50 செகண்ட். யூசர் ரெண்டுக்கும் "ஹேங் ஆயிடுச்சு"ன்னுதான் சொல்லுவாரு, நமக்கு மட்டுமாவது சொல் தனியா இருக்கணும்.

— அண்ணன் பதில்:

தம்பி, பிடிக்கு சம்மதம். பிடின்னா பெண்யானைன்னு எந்தப் புலவராவது வருவார், வரட்டும். மல்லுக்கட்டு கொஞ்சம் தெருச்சண்டை மாதிரி இருக்கு, பாடத்துல வச்சா பசங்க சிரிப்பாங்க, சிரிச்சாலும் மறக்க மாட்டாங்கன்னு வையி. தோக்கறவனுக்கு (இங்கிலீஷ்ல விக்டிம்) நான் பலியாள்னு எழுதி வச்சிருந்தேன், சரியா?

— மறுபடி நான்:

பலியாள் வேணாம்ணே. அந்த ஜாபை ரீஸ்டார்ட் பண்ணா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுது. பலியானவன் எப்படி எழுந்து வந்து என்ட்ரி போடுவான்? தோற்றவர்னே இருக்கட்டும்.