மறு: கோடெக், வோக்கோடர் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒலியையோ படத்தையோ எண்களாக்கி, மறுமுனையில் திரும்ப ஆக்கும் கோடெக்குக்குச் சொல் தேடித் தொடங்கிய இழை, மனிதக் குரலுக்கென்றே உள்ள வோக்கோடருக்கு வந்ததும் முடிச்சு விழுந்து நிற்கிறது. முடிச்சு விழவேண்டிய இடமும் அதுதான். வந்த பரிந்துரைகளில் சிலவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 0 அல்லது 1 என்ற கணினி இலக்கத்தை 'பிட்' என்பதா 'நுண்மி' என்பதா என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. இந்த மடலில் பிட் என்றே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> வோக்கோடர் குரலைச் சுருக்கி அனுப்புகிறது. 'குரல்சுருக்கி' போதுமே, எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே சுருங்குவது எது என்று பார்க்கவேண்டும்.

தரைவழித் தொலைபேசியின் கோடெக்கான ஜி.711-ஐ எடுத்துக்கொள்வோம். அது ஒலியலையின் உயரத்தை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. ஆக நொடிக்கு 64,000 பிட். மெல்லிய ஒலிக்கு நெருக்கமான படிகள், உரத்த ஒலிக்கு அகலமான படிகள். அந்தப் படிகளை அமைப்பதில்தான் நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் உள்ள ஏ-லா என்ற முறையும், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உள்ள மியூ-லா என்ற முறையும் வேறுபடுகின்றன. இந்தப் பக்கம் போனது அலை, அந்தப் பக்கம் வருவதும் அதே அலை, கொஞ்சம் சொரசொரப்போடு. மனிதன் பேசினாலும் நாய் குரைத்தாலும் அதற்கு ஒன்றுதான். இதைச் 'சுருக்கி' என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

வோக்கோடர் வம்சத்தைச் சேர்ந்த எல்பிசி-10 செய்வது வேறு வேலை. நொடிக்கு 2,400 பிட்தான். பேச்சைத் துண்டு துண்டாக எடுக்கும். ஒரு துண்டுக்குச் சட்டகம் என்று பெயர். 22.5 மில்லிநொடிக்கு ஒரு சட்டகம், ஒரு சட்டகத்துக்கு 54 பிட். அதில் 41 பிட், தொண்டையிலிருந்து உதடு வரை அந்தக் கணத்தில் குழாய் என்ன வடிவில் இருக்கிறது என்பதற்கு. 7 பிட், மிடறு அதிர்கிறதா, அதிர்ந்தால் எந்தச் சுருதியில் என்பதற்கு. 5 பிட் உரப்புக்கு. மிச்சம் 1 பிட் இரு முனையும் ஒத்துப்போவதற்கு. அவ்வளவுதான். பேசியவருடைய ஒலியலையில் ஒரு துணுக்குகூட இதில் இல்லை. காணாமல் போனவரின் போட்டோவை அனுப்பாமல் அங்க அடையாளங்களை மட்டும் வயர்லெஸ்ஸில் சொல்ல, அந்தப் பக்கம் ஓர் ஓவியர் கேட்டுக் கேட்டு வரைகிற மாதிரி. வந்து சேரும் குரல் மறுமுனைக் கருவி தானே உண்டாக்கியது. அதனால்தான் எல்பிசி-10-ல் பேசினால் சொல் புரிகிறது, ஆள் யாரென்று பிடிபடுவதில்லை.

ஆக, சுருக்கம் விளைவு. வேலை, குரலை விவரித்தலும் திரும்ப ஆக்குதலும். சொல்லில் வேலை தெரிந்தால் நல்லது.

இதே காரணத்தால், மறுமுனையில் குரலைத் திரும்ப ஆக்கும் டிகோடருக்குச் சொல்லும் 'குறிநீக்கி'யும் எனக்கு உறுத்துகிறது. குறியை நீக்கினால் உள்ளேயிருந்து மூலக்குரல் வெளிப்படும் என்ற நினைப்பை அது தருகிறது. உள்ளே எதுவும் கிடையாது. பெல் ஆய்வகத்தில் வோக்கோடரை உருவாக்கிய ஹோமர் டட்லி, 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் குரலை உண்டாக்கும் அதன் பின்பாதியைத் தனியாக எடுத்து வைத்துக் காட்டினார். வோடர் என்று பெயர். ஒரு பெண் உட்கார்ந்து விசைகளை அழுத்த, இயந்திரம் பேசியது. முன்முனையில் பேசுவதற்கு ஆளே இல்லை. எந்தக் குறியை நீக்கி அந்தக் குரல் வந்தது என்று சொல்வது?

> கோட் என்றால் மறைபொருள்தானே? 'மறைகுரலி' என்று வைக்கலாம்.

இதற்கு வரலாற்றில் ஓர் ஆதாரம் இருப்பது உண்மை. 1943-ல் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே நேச நாட்டுத் தலைவர்கள் ரகசியமாகப் பேச அமைந்த சிக்சாலி இணைப்பின் வயிற்றில் இருந்தது வோக்கோடர்தான். ஆனால் அங்கேயும் ரகசியத்தைக் காத்தது வோக்கோடர் அல்ல. அது குரலை மெதுவாக மாறும் எண்களாக ஆக்கிக் கொடுத்தது. அந்த எண்களோடு, இசைத்தட்டில் பதிந்த வெற்று இரைச்சலைக் கூட்டி அனுப்பினார்கள். மறுமுனையில் அதே இரைச்சல் பதிந்த இன்னொரு தட்டு ஒரே நேரத்தில் சுழன்று அதைக் கழித்தது. மறைத்தது தட்டு, எண்ணாக்கியது வோக்கோடர். மறையாக்கம், குறியாக்கம் என்று இரண்டு சொற்கள் நம்மிடம் ஏற்கனவே நன்றாகப் பிரிந்து நிற்கின்றன. அவற்றைப் போய்க் கலக்கவேண்டாம்.

> பேச்சுக் குறியாக்கம், ஒலிக் குறியாக்கம் என்று இரண்டு எதற்கு? பேச்சும் ஒலிதானே?

கொழும்பிலிருந்து எழுதிய தோழியின் கேள்வி. பாட்டுக்கோப்புகளின் எம்பி3 போன்ற ஒலிக் கோடெக்குகள் காதைப் பார்த்துச் செய்தவை. உரத்த ஒலிக்குப் பக்கத்தில் ஒளிந்துபோகும் மெல்லிய ஒலி எப்படியும் கேட்காது, அதற்கு ஏன் பிட் செலவழிப்பது என்பது அவற்றின் கணக்கு. அங்கே ஒலி எதிலிருந்து பிறந்தது என்ற கேள்வியே இல்லை. பேச்சுக்கானவை வாயைப் பார்த்துச் செய்தவை. பழைய ஜிஎஸ்எம் கைபேசியில் 20 மில்லிநொடிக்கு 260 பிட். 36 குழாய் வடிவத்துக்கு, 36 சுருதி திரும்பத் திரும்ப வருவதற்கு, இரண்டிலும் அடங்காமல் எஞ்சிய அலைக்கு 188. முழு வோக்கோடரும் அல்ல, முழு அலையும் அல்ல, நடுவில் ஒரு கலப்பு. ஆனாலும் ஒரு வாய், ஒரு சுருதி என்றுதான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். அதற்குள் நாதஸ்வரத்தையும் தவிலையும் ஒத்தையும் சேர்த்துக் காலர் ட்யூனாகத் திணித்தால் என்ன ஆகும்? தண்ணீர்த் தொட்டிக்குள் கச்சேரி. கேட்காதவர் இந்தக் குழுவில் இருக்கமுடியாது.

வேர் இரண்டு என்பதால் பெயரும் இரண்டாகவே இருக்கட்டும். 2012-ல் வந்த ஓபஸ் என்ற கோடெக்கூட, ஸ்கைப்பில் பிறந்த சில்க் என்ற பேச்சுக் கோடெக்கையும், இசைக்கும் பொருந்தும் செல்ட் என்ற கோடெக்கையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்ததே தவிர, இரண்டையும் ஒன்றாகக் கரைக்கவில்லை. வாட்ஸப்பில் நாம் அனுப்பும் குரல்செய்தி அந்த ஓபஸ்தான்.

இனி என் பரிந்துரைகள். முன்முனைக்கு, அதாவது என்கோடருக்கு, குறியாக்கி, இருப்பதே போதும். பின்முனையின் டிகோடருக்குக் குறிமீட்டி. வீணை மீட்டுகிற நினைவு வந்தால் வரட்டும், கெடுதல் இல்லை. இரண்டும் சேர்ந்த கோடெக்குக்குச் சிலர் சொன்ன 'குறிமாற்றி' வேண்டாம் என்பேன். கைபேசி வலையமைப்பில் 13 கிலோபிட்டாக வந்ததை 64 கிலோபிட் தொலைபேசித் தடத்துக்கு மாற்றிக் கொடுக்க உண்மையாகவே ஒரு பெட்டி இருக்கிறது, அந்தப் பெயர் அதற்குத்தான் பொருத்தம். கோடெக்கை கோடெக் என்றே விடலாம். படம் ஓடாமல் தவித்த எல்லாருக்கும் தெரிந்த பெயர்.

வோக்கோடருக்கு: குரல்வனைவி. முதலில் 'குரல்வரைவி' என்றுதான் யோசித்தேன். ஆனால் 'வரைவி' நம் பட்டியலில் பதிவுக் கருவிகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, படிப்பவர் தாளில் கோடு எதிர்பார்ப்பார். வனைதல் என்றால் உருக்கொடுத்துச் செய்வது, சித்திரித்தலும் அதன் பொருளில் உண்டு. வோக்கோடரின் இரு பாதிகளும் ஒரே வினைக்குள் வந்துவிடுகின்றன. 'குரல்வளை'யோடு குழம்பும் என்று ஆட்சேபம் வரும், எதிர்பார்க்கிறேன். கைபேசியில் தட்டும்போது 'குரல்வளைவி' ஆகிவிடும் ஆபத்து உண்டுதான். ஆனால் குரல்வளை செய்வதைப் போலச் செய்துகாட்டும் கருவிக்கு அந்த ஓசை அருகில் இருப்பது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

1985-ல் பிஷ்ணு அடல், மான்ஃபிரெட் ஷ்ரோடர் என்ற ஆய்வாளர்கள் கொடுத்த பேச்சுக் குறியாக்க முறையில் வரும் 'கோட்புக்'குக்குக் குறிநூல். இதில் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன். எஞ்சிய அலையை அனுப்பாமல், இரு முனையிலும் ஒரேபோல் வைத்திருக்கும் 1,024 வரிசைகளில் எது ஒத்துப்போகிறதோ அதன் எண்ணை மட்டும் அனுப்புவது. அதைத் தேடிப்பிடிக்க அன்றைய கிரே சூப்பர்கணினிக்கே ஒரு நொடிப் பேச்சுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. இன்று சட்டைப் பையில் இருக்கும் போன் அந்த வழித்தோன்றல்களைப் பேசப்பேசவே முடித்துவிடுகிறது.

ஒன்று பாக்கி. நாம் பேசாமல் இருக்கும்போது கைபேசி சட்டகங்களை அனுப்புவதை நிறுத்திவிடும், பின்னணி எப்படி இரைகிறது என்ற குறிப்பை மட்டும் அவ்வப்போது அனுப்பும். மறுமுனை அதை வைத்து மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தானே போட்டுக்கொள்ளும். இல்லாவிட்டால் முழு நிசப்தம் விழுந்து, "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவோம். இந்த 'கம்ஃபர்ட் நாய்ஸு'க்கு 'ஆறுதல் இரைச்சல்' என்று ஒரு பட்டியலில் பார்த்தேன், துக்கவீட்டு வாடை அடிக்கிறது. 'இதமிரைச்சல்' என்று வைக்கலாமா? வேறு தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.