தன் தலையைத் தானே ஏந்தி நிற்பவர்: கண்ணாடித் தகட்டுக் காலத்தில் இது எப்படி?

கேள்வி:
19ஆம் நூற்றாண்டுப் புகைப்படமொன்றில், ஒருவர் தம் தலையைத் தாமே உள்ளங்கையில் ஏந்தி நிற்கிறார். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தும் கழுத்தருகே ஒட்டிய தடம் தென்படவில்லை. கணினி இல்லாத காலத்தில் இதைத் தாளின் மேல் வரைந்துதான் செய்தார்களா?

மறுமொழி 1:
பெரும்பாலும் தாளில் அல்ல, நெகட்டிவில்தான், அதாவது ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த கண்ணாடித் தகட்டில்தான், வேலை நடந்திருக்கும். ஒளி படாத இடம் தகட்டில் பதிவாவதில்லை. எனவே கறுப்புத் திரைக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி, தலையைக் கறுப்புத் துணியால் மூடி ஒரு முறையும், அதே தகட்டில் உடலை மூடிவிட்டுத் தலை மட்டும் உள்ளங்கைக்கு மேலே விழுமாறு மறுமுறையும் எடுத்தால், இரண்டும் ஒரே படமாகிவிடும். ஒட்டாத இடத்தில் தடம் எப்படித் தெரியும்? பின்னணி கறுப்பாக இல்லையென்றால், இரண்டு நெகட்டிவ்களை ஒரே தாளில், ஒன்றுக்குரிய இடத்தை மறைத்து மற்றதை அச்சிட்டிருப்பார்கள். புகைப்படக் கலைஞர் ஆஸ்கர் ரைலாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இவ்வாறு இணைத்து ஒரே படம் ஆக்கினார்.

மறுமொழி 2:
இதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. அக்காலத் தகடு நீல ஒளியை மிகையாக வாங்கியதால், கடல் சரியாகப் பதிந்தால் வானம் வெளிறிவிடும். ஆகவே பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே வானத்தைத் தனியே எடுத்து அடிவானக் கோட்டில் இணைத்தார். அவருடைய வெவ்வேறு கடற்படங்களில் ஒரே மேகங்கள் தலைகாட்டுவது வேடிக்கைதான்.

நெகட்டிவின் மேல் செய்யும் பென்சில் வேலை இதைவிட நுட்பமானது. முகச் சுருக்கம் நெகட்டிவில் வெளிறிய கோடாகத் தெரியும். வார்னிஷ் பூசிய தகட்டைப் பின்னாலிருந்து ஒளி வருமாறு சாய்த்து வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் அக்கோட்டைப் புள்ளி புள்ளியாக நிரப்பினால், அச்சில் சுருக்கம் மறைந்துவிடும். எதையேனும் கருமையாக்க வேண்டுமானால் கத்தியால் சுரண்டுவார்கள். சற்று அழுத்தினாலும் தகடு பாழ்.

மறுமொழி 3:
ஏமாற்றுவதற்கென்றே செய்தவர்களும் உண்டு. இறந்தவர்களின் ஆவியைப் படமெடுப்பதாகச் சொன்ன வில்லியம் மம்லர் மீது 1869இல் நியூயார்க்கில் வழக்கு நடந்தது. மோசடி என்று நீதிபதியே கருதியும், செய்த முறையை அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியாததால் அவர் விடுவிக்கப்பட்டார்.

கேட்டவர்:
நன்றி. மீண்டும் பார்த்தேன். பின்னணி கறுப்பல்ல, மடிப்புகள் கொண்ட திரை. ஏந்திய தலைக்குப் பின்னால் மட்டும் ஒரு மடிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. இவ்வளவு நேரமும் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.